நாற்பத்தொரு வாய்களின் கல்

கியோனோ பேரூராட்சி அதிகாரியைக் காரோடு சேர்த்துப் பனியில் புதைத்துவிட்டாள் என்றுதான் முதலில் என் காதுக்கு வந்தது. சொன்னவர் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர். அவருக்கு அவர் மச்சினி சொன்னாளாம். மச்சினிக்கு யார் சொன்னது என்று கேட்டால், "அதான் ஊருக்கே தெரியுமே" என்கிறார்.

"உள்ள இருந்து ஹாரன் அடிச்சுக்கிட்டே கிடந்திருக்கான் மனுஷன், அரை மணி நேரம். இவ வண்டி மேல உக்காந்து நிதானமா சோத்து உருண்டை சாப்பிட்டாளாம். ரெண்டு உருண்டை." விரல்களைக் காட்டினார். "ஒண்ணுல மீன் வச்சது. இன்னொண்ணு வெறும் உப்பு."

இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லப்படும் செய்தி பெரும்பாலும் பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் கியோனோ விஷயத்தில் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. அவர் என் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்க பக்கத்து வீடு வேற. எதுக்கும் பாத்து இருங்க டீச்சர்" என்றார்.

நடந்தது இதுதான். கார் புதைந்தது உண்மை. உள்ளே ஆள் இல்லை. ஜப்பானிய மலையூரான எங்கள் உசனாயில் பனி தள்ளும் வண்டி பேருந்து திரும்பும் இடத்துக்கு மேற்கே, ஒரு மொட்டைக் கரையில்தான் பனியைக் குவிக்கும். முப்பது வருடமாக அங்கேதான். யாரும் அங்கே வண்டி நிறுத்த மாட்டார்கள். பேரூராட்சியின் சுற்றுலாப் பிரிவில் இருக்கும் கைமோரி என்ற அதிகாரி, அளவெடுப்பவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, சரியாக அங்கே வெள்ளைக் காரை நிறுத்திவிட்டு மேட்டுக்கு ஏறிப் போயிருக்கிறார். வெள்ளைப் பனியில் வெள்ளைக் கார். கியோனோ கண்ணில் பட்டதா இல்லையா என்பதை அவள் இன்றுவரை சொல்லவில்லை.

"அவரு நிறுத்தினாரு. நான் வேலை பாத்தேன்" என்பதோடு சரி.

கியோனோவுக்கு ஐம்பத்தாறு வயது. டிசம்பர் முதல் மார்ச் வரை பேரூராட்சிக்காகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுவாள். மற்ற மாதங்களில் பேருந்து திரும்பும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகையில் சோயாக்கட்டியைக் குச்சியில் குத்தி, பூண்டு சேர்த்து அரைத்த மிசோ என்ற சோயா விழுதைத் தடவி, கரி அடுப்பில் சுட்டு விற்பாள். கணவன் வடக்கே சுரங்கப்பாதை வேலையில் இருக்கிறான். வருடத்துக்கு இரண்டு தடவை வருவான், இரண்டாவது நாளே இருவருக்கும் சண்டை வரும், மூன்றாவது நாள் அவன் கூரை ஓட்டைச் சரிசெய்துவிட்டுப் போய்விடுவான். அவள் கோபம் இந்தப் பள்ளத்தாக்கில் பிரசித்தம். மற்றவர்கள் எல்லாம் கோபத்தை ஊறுகாய்ப் பானையில் போட்டுக் கல்லை வைத்து அழுத்தி வைப்பவர்கள். இவள் அடுப்பிலேயே வைத்திருப்பாள்.

காரைத் தோண்டி எடுக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கைமோரி நல்ல மனிதர், முப்பத்து மூன்று வயது, நகரத்துப் பையன். தன் கார் தன் தவறால்தான் புதைந்தது என்று ஐந்து தடவை தலை குனிந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சும்மா நிற்க வேண்டாமே என்று பேச்சுக் கொடுத்தவர், "அடுத்த வருஷம் இந்தப் பக்கம் எல்லாம் கார் நிறுத்துமிடம் ஆயிடும், அப்புறம் இந்தப் பிரச்சினையே இல்லை" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு வண்ணத்தாளை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் புதன்கிழமை காலை அந்தத் தாள் என் வீட்டு வாசலில், என் மூக்குக்கு நேரே நீட்டப்பட்டது.

"டீச்சர். இதை யாரு எழுதினது?"

"ஜப்பானிய மொழியில எழுதினது கைமோரி சார். இங்கிலீஷ்ல... நான்."

"பிரபு விரும்பித் தின்னாரா?"

"அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க, அக்கா."

"குடுத்தா எழுதிருவியா? பிரபு உங்க வீட்டுத் தொட்டியில குளிச்சுட்டுப் போனாருன்னு எழுதிக் குடுத்தா, அதையும் இங்கிலீஷ்ல போட்டுருவியா?"

இந்த மலைப்பிரதேசத்தின் நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. என் ஒப்பந்தம் ஒவ்வொரு மார்ச்சிலும் அதே பேரூராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்தான் புதுப்பிக்கப்படும். ஜனவரியில் கைமோரி அந்தத் தாளைக் கொடுத்தபோது, பிரபு கதை எனக்கும் இடித்தது. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'விரும்பிச் சுவைத்த' என்பதற்கு நல்ல ஆங்கிலச் சொல் எது என்று மட்டும் அரை நாள் யோசித்தேன்.

தாளில் இருந்தது இதுதான். உசனாய் மேட்டில் ஒரு காட்சி மேடை வரும். இருபத்து நான்கு கார் நிற்க இடம், கழிப்பறை, ஒரு கடை. கடையில் ஓக் மரத்துக் கொட்டையில் செய்த களி, அதே களி சேர்த்த ஐஸ்கிரீம். 'அன்றைய பிரபு விரும்பிச் சுவைத்த மலை இனிப்பு.' மேட்டில் இருக்கும் பழைய கல், கழிப்பறைக்குப் பக்கத்தில் 'அழகுற' மாற்றி வைக்கப்படும். 'தொட்டு வேண்டினால் விளைச்சல் பெருகும் வளக்கல்.'

அந்தக் கல்லை எனக்குத் தெரியும். இடுப்புயரம். முகம் செதுக்காத கல். அதில் பெயர்கள் இல்லை. 'நாற்பத்தொரு வாய்' என்று மட்டும் வெட்டியிருக்கிறது, ஒரு ஆண்டுக்குறியோடு. பஞ்சத்தில் செத்தவர்களை எண்ணும்போது இத்தனை ஆள், இத்தனை பேர் என்று எண்ணவில்லை. இத்தனை வாய் என்றுதான் எண்ணினார்கள். அவர்களைப் புதைத்த குழியின் மேலேதான் கல் நிற்கிறது.

"பிரபு சோயா கேட்டான்" என்றாள் கியோனோ. இருநூற்றெழுபது வருடத்துக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கை ஆண்டவனை, போன வாரம் கடன் சொல்லிப் போனவனைப் போலத்தான் அவள் பேசுவாள். "தலைநகரத்துல வித்துக் காசாக்க. மலையெல்லாம் எரிச்சு சோயா விதைக்கச் சொன்னான். மண்ணு நாலு வருஷத்துல செத்துப்போச்சு, அப்படியே போட்டுட்டு அடுத்த மலையை எரிச்சோம். போட்ட இடத்துல என்ன முளைச்சுது தெரியுமா? காட்டுக் கிழங்கு. கிழங்கைத் தின்னு பன்னி பெருத்துது. ஒண்ணு பத்தாச்சு, பத்து நூறாச்சு. அப்புறம் ஜூலையில யமாசே அடிச்சுது. கதிர் பால் பிடிக்கல. இருந்த குதிரைவாலியையும் பன்னி வந்து தின்னுட்டுப் போச்சு. மனுஷன் செத்தான், பன்னி கொழுத்துது. அந்தப் பன்னி தின்னுட்டு மிச்சம் வச்ச ஓக் கொட்டையத்தான் பொறுக்கி, சாம்பல் தண்ணியில ஏழு தடவை வேக வச்சு, கசப்பு போகுமான்னு பாத்துத் தின்னாங்க. அதுவும் தீந்துச்சு. பிரபு தின்னானாம்! அவன் வீட்டு நாய் தின்னிருக்குமா அதை?"

யமாசே என்பது கிழக்கே கடலிலிருந்து கோடையில் ஏறி வரும் குளிர்காற்று. மூடுபனியோடு வரும். இன்றைக்கும் ஜூலையில் அது ஒரு வாரம் சேர்ந்தாற்போல் அடித்தால், உசனாய்க் கிழவர்கள் வானிலைச் செய்தியைச் சத்தம் குறைத்துப் பார்ப்பார்கள். கல் நிற்கும் மேட்டிலிருந்து தெளிவான நாளில் அந்தக் கடலே ஒரு சாம்பல் கோடாகத் தெரியும். கீழே பள்ளத்தாக்கு, பிர்ச் மரக் காடு, ஒரு காலத்தில் மாடுகள் முதுகில் உப்பு ஏற்றி வந்த பாதை. காட்சி மேடைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. செத்தவர்களையும் பார்வைக்காகவா அங்கே புதைத்திருப்பார்கள்? மேடு என்பதால் பன்றி தோண்டாது என்று புதைத்திருப்பார்கள்.

ஒவ்வொரு ஆகஸ்ட் கடைசி ஞாயிறும் வீட்டுக்கு ஒருவர் அங்கே போவோம். எல்லோர் கையிலும் ஓக் கொட்டைக் களி. மற்ற நாளில் அதன்மேல் வறுத்த சோயா மாவும் சர்க்கரையும் தூவிச் சாப்பிடலாம், நன்றாகவே இருக்கும், நிலக்கடலை வாசம் அடிக்கும். அன்றைக்குத் தூவக்கூடாது. உப்புகூடக் கிடையாது. ஒரு உருண்டை கல்லுக்கு, ஒரு உருண்டை நமக்கு. நின்றபடியே விழுங்கிவிட்டு யாரும் யாரோடும் பேசாமல் இறங்க வேண்டும். என் முதல் வருடம் கியோனோதான் என் கையில் உருண்டையை வைத்தாள். "துப்பினா கீழ தள்ளிருவேன்" என்றாள். வரவேற்பு அவ்வளவுதான்.

"சரி, வா" என்றாள் இப்போது. "மேல்வீட்டுக்குப் போவோம். நீயும் வரணும். இங்கிலீஷ்ல போட்டவ நீதான்."

இங்கே ஆட்களை வீட்டுப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். மேல்வீடு என்றால் ஊர்த்தலைவர் தொமாபேச்சி. கியோனோ ஆற்றோரத்து வீடு. ஒரு காலத்தில் முப்பத்தொரு வீடு இருந்தது, இப்போது விளக்கெரிவது பத்தொன்பதில். தொமாபேச்சிக்கு எழுபத்து நான்கு வயது. யார் எந்தக் கோபத்தோடு வந்தாலும் முதலில் தேநீர், அப்புறம் முள்ளங்கி ஊறுகாய், அப்புறம்தான் காது.

"ஆத்தோரம், உக்காரு. டீச்சரும் உக்காருங்க. பனி இந்த வருஷம் சீக்கிரம் உருகுது, இல்ல?"

"மேல்வீட்டாரே, கல்லைப் பேத்தெடுக்கப் போறாங்களாமே. யாரைக் கேட்டு எடுக்குறாங்க?"

"உங்களை எல்லாம் கேட்டுத்தான்." அவருக்கு உண்மையிலேயே வியப்பு. "எல்லாரும் முத்திரை போட்டிருக்கீங்களே."

"எவன் போட்டான்?"

அவர் எழுந்து போய் ஒரு உறையைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு தாளின் நகல். நான் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

எங்கள் ஊரில் அறிவிப்புகள் ஒரு கிளிப் அட்டையில் வீடு வீடாகப் போகும். படித்ததற்கு அடையாளமாக உங்கள் வீட்டுக் கட்டத்தில், இங்கே கையெழுத்துக்கு ஈடான குடும்ப முத்திரையை ஒற்றி, அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட வேண்டும். ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்தால் பேச்சு வரும். பிப்ரவரியில் வந்த அட்டையில் பழைய தட்டுமுட்டுச் சாமான்கள் போடும் தேதி இருந்தது, இரத்த அழுத்தப் பரிசோதனை இருந்தது, கரடி முன்கூட்டியே விழித்துவிட்டது என்ற எச்சரிக்கை இருந்தது, பள்ளி மதிய உணவுப் பட்டியல் இருந்தது. அவற்றுக்கு அடியில், பொடி எழுத்தில் ஒரு தாள்: 'கல்லைச் சுற்றியுள்ள பொது நிலத்தைச் சீரமைப்பது குறித்து. மறுப்பு இல்லாதவர்கள் முத்திரையிடவும்.'

நான் கரடியை மட்டும் படித்தேன். படித்ததற்கான கட்டத்திலும் அந்தப் பொடி எழுத்துத் தாளின் கட்டத்திலும் முத்திரையிட்டேன். அட்டையை அடுத்த வீட்டில் வைத்தேன். அடுத்த வீடு கியோனோவின் வீடு.

அன்றைக்குப் பெரும் பனிப்புயல். அவள் விடியும் முன்பே வண்டி எடுத்து இரவு பத்து மணிக்குத்தான் திரும்பினாள். பூட்சைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே முத்திரையை எடுத்து, இருக்கிற கட்டத்தில் எல்லாம் ஒற்றிவிட்டு, அதற்கடுத்த வீட்டுக்குக் கொண்டு போனதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். பெரிய மனுஷி, எவ்வளவு களைப்பிலும் அட்டையை நிறுத்தி வைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

கியோனோ தாளின் மேல் விரல் வைத்துத் தேடினாள். கிடைத்துவிட்டது. ஓவாதா என்ற அவள் குடும்பப் பெயர், சிவப்பு வட்டத்துக்குள், தலைகீழாக. அவசரத்தில் ஒற்றியது.

அடுப்பில் கெட்டில் முனகியது. நான் அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"படிக்கல" என்றாள்.

"நானும் படிக்கல, அக்கா."

"நீ பேசாத."

"நானே முழுசாப் படிக்கல" என்றார் தொமாபேச்சி மெதுவாக. "பேரூராட்சியில இருந்து வந்தது. மத்தவங்க யாராச்சும் படிச்சிருப்பாங்கன்னு..."

"மத்தவங்க!" இப்போது வந்தது. மேசை மேல் இருந்த ஊறுகாய்த் தட்டு துள்ளியது. "பத்தொம்பது வீட்டுலயும் அந்த மத்தவங்கதான் இருக்கோம்! அட்டை நம்ம கையில நின்னுருச்சுன்னு பேச்சு வரக்கூடாது, அதுக்காகச் செத்தவங்களைக் கக்கூஸ் பக்கத்துக்குத் தள்ளி விடுவோம். முகம் கோணாம இருக்கணும், அவ்வளவுதான் நமக்கு. அன்னைக்கும் இப்படித்தான் இருந்திருப்போம். சோயா விதைன்னதும் எல்லாரும் முத்திரை போட்டிருப்போம்!"

தொமாபேச்சி தரையைப் பார்த்தார். கியோனோ மூச்சு வாங்கியபடி மீண்டும் தாளைப் பார்த்தாள். ஒவ்வொரு வட்டமாக, தன்னைப் போல வேறு எந்த முட்டாள்கள் என்று எண்ணிப் பார்ப்பவள்போல. ஒரு வட்டத்தில் விரல் நின்றது.

"கிகுச்சி. பாலத்து வீடு. அங்க யாரு இருக்கா? எய்ஜிரோ ஊரை விட்டுப் போயி ஆறு வருஷம் ஆகுது."

"பேரு இன்னும் பட்டியல்ல இருக்கு இல்ல... பொது நிலத்துல பங்கு இருக்கு இல்ல..." தொமாபேச்சியின் காது சிவந்தது. "எல்லாக் கட்டமும் நிறைஞ்சு, ஒண்ணு மட்டும் காலியா இருந்துச்சு. பாக்க நல்லா இல்ல. கிகுச்சின்னு முத்திரை கடையிலயே ரெடியாக் கிடைக்குது. நூறு யென். அதான்..."

"காலியா இருந்தா நல்லா இல்லைன்னு, ஊர்ல இல்லாதவனுக்கு நீங்க முத்திரை போட்டீங்க."

"அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்னு நினைச்சேன்."

கியோனோ எழுந்தாள். தேநீரைத் தொடவே இல்லை.

வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு நாங்கள் பேரூராட்சியில் இருந்தோம். எனக்கு மூன்று வகுப்பு இருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் மாடிக்கு ஏறும்போது என் ஒப்பந்தத்தை வைத்திருக்கும் அறையின் கதவு திறந்திருந்தது. குனிந்த தலையோடு கடந்தேன்.

கைமோரி எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். கார் விஷயத்துக்கு இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டார்.

"காரை விடுங்க. என் முத்திரையைத் திருப்பித் தாங்க" என்றாள் கியோனோ.

"நீங்க போட்டதுதானே அது?"

"ஆமா. படிக்காமப் போட்டேன்."

"அப்படிச் சொன்னா அதைப் புகாராத்தான் பதிவு செய்ய முடியும், ஓவாதா மேடம். பதில் வர ஒரு மாசம் ஆகும். இயந்திரம் நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வருது. நிதியாண்டு முடியறதுக்குள்ள வேலையைத் தொடங்கியே ஆகணும்." அவர் குரல் தாழ்ந்தது. "அந்த வாசகம்... பிரபு பத்தினது... நான் தேடிப் பாத்தேன், ஆதாரம் எதுவும் கிடைக்கல. பஞ்சம்னு போட்டா யாரு ஐஸ்கிரீம் வாங்குவாங்கன்னு மேல கேட்டாங்க. எனக்கும் பதில் தெரியல."

"உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றார்.

கியோனோ அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. அடுத்த சுடுசொல் வாயிலேயே நின்றது. பிறகு நகலை மேசையில் விரித்துப் பாலத்து வீட்டு வட்டத்தைக் காட்டினாள். "இது அவன் போட்டது இல்ல."

கைமோரி நெடுநேரம் அதைப் பார்த்தார். கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க சொன்னா செல்லாது. நான் சொன்னாலும் செல்லாது. கிகுச்சி சாரே சொல்லணும், 'நான் போடல, எனக்குச் சம்மதம் இல்ல'ன்னு. பொது நிலம். ஒரு வீடு குறைஞ்சாக்கூட எல்லார் சம்மதமும் இல்லைன்னு ஆயிடும். நிறுத்தித்தான் ஆகணும். கையெழுத்து அப்புறம் வரட்டும். இன்னைக்கு அஞ்சரை மணிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள அவரு எனக்கு ஒரு போன் பண்ணினாப் போதும். நாளைக்கு இயந்திரம் வராது. நான் பாத்துக்கறேன்."

"நீங்களே கூப்பிட்டுக் கேளுங்களேன்" என்றேன் நான்.

"நான் கூப்பிட்டுக் கேட்டா, நானே மறுக்கச் சொன்ன மாதிரி ஆயிடும்." அவர் என்னை நேராகப் பார்த்தார். "ஊர்க்காரங்க யாராச்சும் கூப்பிடலாம். அவரை நல்லாத் தெரிஞ்சவங்க."

கியோனோவின் முகம் வெளிறிப்போனதை அப்போதுதான் பார்த்தேன்.

ஊரில் இருக்கும் பத்தொன்பது வீட்டில் யார் கூப்பிட்டிருந்தாலும் எய்ஜிரோ எடுத்திருப்பான். ஆனால் அவன் எண்ணைக் கையில் வைத்திருப்பது கியோனோ ஒருத்திதான். அவன் ஊரைவிட்டுப் போனதே கியோனோவால்தான்.

மே மாதத்தில் வயலுக்கு நீர் வரும் கால்வாயைத் தூர் வாருவது வழக்கம். வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு மண்வெட்டி. எய்ஜிரோ இரண்டு வருடம் வரவில்லை, காரணமும் சொல்லவில்லை. அந்த வருடக் கூட்டத்தில் கியோனோ எழுந்து நின்றாள். நானும் அங்கே இருந்தேன். "பாலத்து வீட்டாருக்குத் தண்ணி வேணும், மண்வெட்டி வேண்டாமா? உங்களால முடியலைன்னா உங்க பொண்டாட்டியை அனுப்புறது. அவ கை என்ன கண்ணாடியா?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். எய்ஜிரோ தலை குனிந்து, "தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிக்கணும்" என்று மட்டும் சொன்னான்.

அவன் மனைவி நொரிகோ அப்போது மூன்றாவது தடவையாக மருத்துவமனையில் இருந்தாள். புற்றுநோய். சொன்னால் ஊர் முழுக்கச் சமைத்துக் கொண்டுவரும், முறை வைத்துப் பார்த்துக்கொள்ளும், எல்லோருக்கும் சுமை என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் பாலத்து வீட்டின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு இருவரும் செண்டாய் நகரத்துக்குப் போய்விட்டார்கள். மறு வருடம் நொரிகோ இறந்துவிட்டாள். தகவல் தெரிந்ததும் கியோனோ எங்கெங்கோ விசாரித்து முகவரியும் எண்ணும் வாங்கினாள். ஒரு பெட்டி நிறையக் குதிரைவாலியும் காய்ந்த காளானும் அனுப்பினாள். பெட்டி பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. எண்ணை அவள் அழுத்தவே இல்லை.

பேரூராட்சி வாசலில் அவள் என்னைத் திட்டினாள். தொமாபேச்சியைத் திட்டினாள். எய்ஜிரோவையும் திட்டினாள்: "வாய் இல்லையா அவனுக்கு? பொண்டாட்டிக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் மண்வெட்டியையும் சேத்து நான் பிடிச்சிருக்க மாட்டேனா? சொல்லாம இருந்துட்டு, என்னைப் பாவியாக்கிட்டுப் போயிட்டான்!" வாகன நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த நாட்டில் பதினான்கு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான் என்றால், அது குரலைத் தாழ்த்துவது.

"அக்கா, மணி மூணேகால்" என்றேன்.

"தெரியும்."

அத்தனை பேர் முன்னால் அவனைக் கூப்பிட மாட்டேன் என்றுவிட்டாள், எங்கள் ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பதோ மேட்டில் மட்டும்தான். வழியில் ஒரு லாரி பனியில் குறுக்கே நின்றுவிட்டது. அரை மணி போயிற்று. மேலே ஏறும்போது முழங்கால் வரை ஈரப்பனி. கியோனோ முன்னால் மிதித்துப் பாதை போட்டாள். கல்லைச் சுற்றி நான்கு மூலையிலும் அளவெடுத்தவர்கள் நட்ட சிவப்புக் குச்சிகள் நின்றன. அவள் அவற்றைப் பிடுங்குவாள் என்று நினைத்தேன். பிடுங்கவில்லை.

"என்னத்தைச் சொல்றது" என்றாள், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"முதல்ல மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் கல்."

"முதல்ல மன்னிப்பு, அடுத்த மூச்சுல கல்லுன்னா, கல்லுக்காகத்தான் மன்னிப்புன்னு நினைப்பான்."

"அப்போ கல்லை முதல்ல சொல்லுங்க."

"கல்லை முதல்ல சொன்னா, இவ இன்னும் மன்னிப்பே கேக்கலைன்னு வச்சிருவான்." அவள் என்னை முறைத்தாள். "நீ ரெண்டு பாஷை படிச்சவதானே? ஒரு பாஷையிலயும் இதுக்கு வழி இல்லையா?"

இல்லை என்று சொன்னேன்.

நாலரைக்கு முதல் தடவை கூப்பிட்டாள். லைன் பிஸி, அவன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். அப்படியானால் அங்கே இருக்கிறான். கையில்தான் போன் இருக்கிறது. அவள் கல்லின் மேல் படிந்திருந்த பனியைக் கையுறையால் தட்டிவிட்டாள். நாலே முக்காலுக்கு மறுபடி. இரண்டு தடவை மணி ஒலித்தது, மறுமுனையில் துண்டித்துவிட்டார்கள்.

"என் நம்பரு தெரியுது அவனுக்கு" என்றாள். "அழிக்கல."

"என் போன்ல இருந்து கூப்பிட்டுப் பாக்கலாமா?"

"வேணாம். ஒளிஞ்சுக்கிட்டுக் கேக்க மாட்டேன்."

ஐந்து மணிக்குக் கடல் மறைந்துவிட்டது. ஐந்தே கால். அவள் ஒருவித மூர்க்கத்தோடு எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, கையை முன்னால் நீட்டிப் பிடித்தாள். அவள் வாய் எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது: "எய்ஜிரோ... ஆத்தோரத்து வீடு பேசறேன்... அன்னைக்கு நான்..." அங்கேயே நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

மணி அடித்தது. இந்தத் தடவை அவன் துண்டிக்கவில்லை. எடுக்கவும் இல்லை. எட்டு, ஒன்பது, பத்து. என் கைக்கடிகாரத்தில் ஐந்து பதினெட்டு. கியோனோ பற்களைக் கடித்தபடி, "எடுடா" என்றாள், "எடுத்துத் திட்டுடா." மணி அடித்துக்கொண்டே இருந்தது.